புறங்கை

அந்த ஆள் எதையும் உள்ளங்கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. தொட்டால் புறங்கைதான். டீ கிளாஸ் சுடுகிறதா என்று பார்ப்பதும் புறங்கை, மாட்டுக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதும் புறங்கை. இருபத்திரண்டு வருஷம் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் கையை விட்டு, ஊறின தோலைப் புரட்டிப் புரட்டி, உள்ளங்கை இரண்டும் மரத்துப்போயிருந்தன. பீடி நெருப்பு விழுந்தால்கூட வாடை வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். உணர்ச்சி என்று மிச்சம் இருந்தது புறங்கையில் மட்டும்தான்.

பேர் சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். எனக்கும் வயசாகிவிட்டது, பழசைப் பேச உட்கார்ந்தாலே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு மனுஷனைப் பற்றி யாரிடமாவது சொல்லித் தொலைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நெஞ்சுக்குள் கிடக்கிறது. சொன்னால் என் லட்சணமும் கூடவே வெளியே வரும். வரட்டும், போ.

ஐம்பதுகள் முடிகிற சமயம். நான் திண்டுக்கல்லில் மாட்டாஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுக் கட்டுகிற வேலையில் இருந்தேன். டெம்பரவரி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வேலையை நீட்டித்துத் தாள் வரும், வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளைகள். ராத்திரி படுத்தால் இந்தத் தடவை தாள் வருமா வராதா என்பதே நினைப்பு. இதற்கு முன்னால் மெட்ராஸில் கொஞ்ச காலம் குதிரை, நாய் எல்லாம் பார்க்கிற இடத்தில் எடுபிடியாக இருந்தேன். அங்கே நாய்க்கு முடி வெட்டுகிற வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தேன். ஊரில் சிரிப்பார்கள் என்று அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

சொல்லாவிட்டால் என்ன, எப்படியோ தெரிந்துவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு மில் முதலாளியின் பங்களா. கொடைக்கானல் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறும்போது, தன்னுடைய மூன்று நாய்களை இந்த முதலாளியின் மனைவியிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். மலைக் குளிருக்கென்றே பிறந்த சாதி. காதே தரையில் புரளும், உடம்பு பூராவும் சுருட்டை முடி. நம்ம ஊர் சித்திரை வெயிலில் அது என்ன பாடுபடும்? முடி சடை பிடித்து, உள்ளே உண்ணி ஏறி, மூன்றும் கிணற்றடி ஈரத்தில் கிடந்து இளைத்தன. முடி வெட்டுகிறவரைக் கூப்பிட்டார்கள். "நாய்க்கு வெட்டுன கத்திரியோட நான் எந்த வீட்டுக்குப் போறது தாயி" என்று அவர் கும்பிட்டுவிட்டார். அந்த அம்மா எங்கள் டாக்டரிடம் சொல்லி, டாக்டர் என்னிடம் சொன்னார். ஓர் ஆளைப் பிடித்துப் பழக்கிக் கொடு. ஒரு மாசம் பார்ப்பார்கள், பிடித்தால் பங்களாவிலேயே நிரந்தர வேலை, பின்கட்டில் ஒரு ரூம், மூன்று வேளைச் சாப்பாடு. முதலாளியும் என்னைப் பார்த்தபோது, "ஒன் விஷயமா மேல ஒரு வார்த்தை சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் ஆள் தேடினேன்.

அந்த மனுஷன் தானாக வந்து சேர்ந்தார். மாட்டுக்குப் போடுகிற களிம்பு கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டு வந்தார். மாட்டுக்கு இல்லை, அவருக்கு. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, வெள்ளையாகப் புண். பெரியாஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம், இனிமேல் சுண்ணாம்பில் கை வைத்தால் விரல் தங்காது என்று. வயசு நாற்பத்தைந்து இருக்கும். வீட்டில் மனைவி சுருட்டு சுற்றுகிறாள், மூன்று பிள்ளைகள். தோல்ஷாப்பைத் தவிர வேறு வேலை தெரியாது. நான் விஷயத்தைச் சொன்னேன். நாய்க்கு முடி வெட்டுகிற வேலை என்றதும் சிரிப்பார் என்று பார்த்தால், சிரிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அதுல சுண்ணாம்பு உண்டுமா சார்?"

"இல்லண்ணே."

"அப்ப வாரேன்."

தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலையோடு தரம் பிரிப்பதும் அவர்தான். முடி நீக்கின தோலைப் புறங்கையால் ஒரு தடவு தடவி, இது ஒண்ணாம் நம்பர், இது ரெண்டாம் நம்பர் என்று ஒதுக்க வேண்டும். சாட்டைத் தழும்பு, மாட்டை ஓட்டுகிற தார்க்குச்சிக் குத்து, முள் கிழித்தது, உண்ணி கடித்தது, எல்லாம் தோலில் எழுதி வைத்த மாதிரி இருக்கும் என்பார். நான் விளையாட்டுக்கென்று நினைத்தேன். வந்த முதல் நாளே, நான் களிம்பு போட்டுக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது, என் இடது முழங்கைக்குக் கீழே புறங்கையால் ஒரு தடவு தடவினார்.

"இது யாரு வச்ச சூடு சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சூடா? சின்னப் பிள்ளையில கொதி தண்ணி பட்டது" என்றேன். பெண்டாட்டியிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

"தண்ணி ஓடுமே சார். ஓரம் கலைஞ்சு போயிருக்கும். இது கம்பி. செத்த நேரம் அமுக்கிப் புடிச்சிருக்காக."

கரண்டிக் காம்பு. பள்ளிக்கூடம் போகாமல் குளத்துக்குப் போனதற்கு எங்கப்பா அடுப்பில் காய்ச்சி வைத்தது. அதை எதற்கு இந்த ஆளிடம் சொல்ல வேண்டும்? "வந்த சோலியைப் பாருங்கண்ணே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "தப்பா எடுத்துக்காதீக. கை பாத்துச்சுன்னா வாய் சொல்லிப்புடுது" என்றார்.

அதுதான் அந்த மனுஷன். பார்த்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது. சண்டைக்கென்று சொல்ல மாட்டார், பெருமைக்கும் சொல்ல மாட்டார், கை பார்த்தது வாய் வழியாக விழுந்துவிடும், அவ்வளவுதான். சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு சம்சாரி காளையைக் கொண்டுவந்தார். "கன்னுல இருந்து நான் வளத்த மாடு, ஒரு அடி அடிச்சதில்ல" என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் பக்கத்தில் போய் மாட்டின் பின்தொடையைத் தடவிவிட்டு, "தார்க்குச்சி ஆழமா எறங்கியிருக்கே அப்பு, போன அறுப்புக்குக் குத்துனதா?" என்று கேட்டார். சம்சாரி மேல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். "யார்யா நீ? ஒனக்கும் எம் மாட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?" நான் நடுவில் விழுந்து விலக்கி, இவரைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதாண்ணே ஒங்களுக்கு?"

"மாடு சொல்லாதுல்ல சார்" என்றார், சாவகாசமாக.

வேலை பழக்க நாய் வேண்டுமே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அவருக்குப் பின்னால் ஏழெட்டு நாய் வருகிறது. எல்லாம் தோல்ஷாப்பு வாசலில் சவ்வுக்கும் கொழுப்புக்கும் கிடக்கிற நாய்கள். அவர் மேல் இருந்த வாடைக்கு நாகல் நகர் தாண்டி அவர் கூடவே வந்திருக்கின்றன. அதில் முடி அடர்ந்த ஒன்றைப் பிடித்துக் கொடுத்து, கையால் அமுக்குகிற முடிவெட்டு மிஷினையும் கொடுத்து, "மெதுவா ஆரம்பிங்க, வாரேன்" என்று உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தென்னந்தடி கிடந்தது. தோல்ஷாப்பில் தோலை மரத்தின் மேல் விரித்துப்போட்டு முடி சுரண்டுவார்கள் இல்லையா, அதே மாதிரி நாயை அந்தத் தடியின் மேல் கவிழ்த்துப் போட்டு, வாலில் ஆரம்பித்துக் கழுத்து வரைக்கும் எதிர்முடியாக மிஷினை ஓட்டி வழித்துவிட்டிருந்தார். ஒரு மயிர் பாக்கியில்லை. வழித்து முடித்துவிட்டு, பழக்க தோஷம், கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்து இழுவை பார்த்துக்கொண்டிருந்தார். நாய் கண்ணை மூடிக்கொண்டு செத்தது போலக் கிடந்தது.

"அடப்பாவி மனுஷா! அண்ணே, அது உசுரோட இருக்கு!"

மிஷினைக் கீழே போட்டுவிட்டார். "மறந்துட்டேன் சார்" என்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் கைக்கு வந்த தோலெல்லாம் செத்த தோல். அந்த நாய்க்கு முதுகெல்லாம் வெயில் கொப்புளம் போட்டு, ஒரு வாரம் இவரே களிம்பு தடவினார். அன்றிலிருந்து ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது அவருக்கு. எந்த நாயைத் தொட்டாலும் முதலில் புறங்கையை விலாவில் வைத்து மூச்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பார். "இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அதற்கப்புறம்தான் மிஷினை எடுப்பார். ஒரு நாய்க்கு நடுவில் நாலு தடவைகூடச் சொல்வார். எனக்குச் சிரிப்பாக வரும்.

பழகிவிட்டார் என்றால் அப்படிப் பழகிவிட்டார். சடையை வெட்டி எடுக்காமல் எண்ணெய் விட்டுப் பிரிப்பது, காதுக்குள் பஞ்சு விட்டுத் துடைப்பது, நகம் வெட்டும்போது ரத்தம் வராமல் நிறுத்துவது, இருபது நாளில் என்னைத் தாண்டிப் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

முதலாளி அம்மா ஒரு நிபந்தனை போட்டார், அந்த வாடையோடு வாசலுக்குள் வரக்கூடாது என்று. பாவம், ஒரு வாரம் சீயக்காய், எலுமிச்சம்பழம், அடுப்புச் சாம்பல் என்று போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். எட்டாம் நாள் தோல்ஷாப்பு நாய்களே அவரைப் பார்த்துக் குரைத்தன. "என்னைய யாருன்னே தெரியலயாம் சார் அதுகளுக்கு" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் கையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்களாவில் ஒரு மாசம். ஞாயிற்றுக்கிழமையானால் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மூன்று நாயில் ராணி என்று ஒரு பெட்டை. மற்ற இரண்டும் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும். இது மட்டும் வராந்தாப் பக்கம் வரவே வராது. வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் அந்த வீட்டு மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். வீட்டோடு மாப்பிள்ளை. வெள்ளை ஜிப்பா, வாயில் எப்போதும் சுருட்டு. நல்லாப் பேசுவார். என்னைக்கூட "வாங்க டாக்டர்" என்று கூப்பிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மூன்றாவது ஞாயிறு, இவர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் ராணியைப் புரட்டிக் காட்டினார். அடிவயிற்றில் முடியை ஒதுக்கினால் வட்டம் வட்டமாகத் தழும்பு. பழசும் புதுசுமாக ஒன்பதோ பத்தோ.

"சொறியாண்ணே?" என்றேன். எனக்குத் தெரியும், சொறி இல்லை.

"சுருட்டு சார். சிகரெட்டுன்னா இம்புட்டு அகலம் வராது. எம் வீட்டுக்காரி சுத்துறவ, எனக்கு அளவு தெரியாதா?" வராந்தாப் பக்கம் திரும்பாமலே சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பிள்ளை கையிலயும் இருக்கு."

அந்தப் பிள்ளை என்றால் மகள். மாப்பிள்ளையின் பெண்டாட்டி. இருபது வயசு இருக்கும். அந்த வேகாத வெயிலிலும் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை. ராணியைத் தூக்க வந்தபோது ரவிக்கைக் கை மேலே ஏறியிருக்கிறது. இவர் பார்த்துவிட்டார். பார்த்ததை அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டது.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, ஒங்க கால்ல விழுகுறேன். நாளைக்கு யாராவது கேட்டா சொறின்னு சொல்லிருங்க. ஒங்க பொழப்பு, எம் பொழப்பு ரெண்டும் இந்த வீட்டுல இருக்கு. சுண்ணாம்புக்கா திரும்பிப் போகப் போறீக?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார். புண் ஆறி, புதுத்தோல் ரோஸ் நிறமாக வந்திருந்தது. "பாப்போம் சார்" என்றார்.

மாசக் கடைசி. அம்மா வந்து பார்த்து முடிவு சொல்கிற நாள். மூன்று நாயையும் குளிப்பாட்டி, சீவி, வராந்தாவுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "வெள்ளைக்காரன்கூட இம்புட்டு அழகா வச்சிருக்கல" என்றார். மாப்பிள்ளை நாற்காலியில் இருந்தார். மகள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா குனிந்து ராணியைக் கொஞ்சினார். அது மல்லாந்தது. முடியெல்லாம் குறைத்திருந்ததால் வயிறு பளிச்சென்று தெரிந்தது.

"இது என்னப்பா வட்டமா? ஒன் மிஷின் பட்டுச்சா?"

நான் அவரைப் பார்த்தேன். ஒரு சொல். சொறி தாயி, மருந்து போடுறேன், ஆறிரும். அவ்வளவு சொன்னால் ரூம், சாப்பாடு, விரல் எல்லாம் மிஞ்சும். அவர் குனிந்து புறங்கையை ராணியின் விலாவில் வைத்தார். "இருக்கு" என்றார். பிறகு நிமிர்ந்தார்.

"மிஷின் இல்லைங்க தாயி. சுருட்டு வச்சுச் சுட்டிருக்கு. ஒரு நாள் இல்ல, பல நாள் சுட்டிருக்கு."

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். "தோல்ஷாப்பு ஆள வீட்டுக்குள்ள விட்டா இப்படித்தான் அத்தை. நம்ம டாக்டர் நிக்கிறாரே, கேளுங்க."

அம்மா என் பக்கம் திரும்பினார். அந்த முகம் இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. சொறி என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற முகம் அது. அவருக்கும் தெரிந்திருக்குமோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். வாசலில் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நிலையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"சொறிங்கம்மா" என்றேன். "வெயில் காலத்துல வரும். வட்டமாத்தான் வரும்."

அம்மா பெருமூச்சு விட்டார். இவரை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். பொய் சொல்லிக் குடும்பத்துக்குள் குழப்பம் பண்ணப் பார்த்தவன் என்று பேர்.

வெயிலில் ரெண்டு பேரும் ரோட்டில் நடந்து வந்தோம். குற்றம் செய்தவனுக்குத்தானே கோபம் வரும், எனக்கு வந்தது. "ஒரே ஒரு வார்த்தைண்ணே! சொன்னா என்ன கொறைஞ்சிருப்பீக? அந்த நாய் வந்து ஒங்க பிள்ளைக்குச் சோறு போடுமா?"

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

"நாய்க்காகன்னா வாயை மூடியிருப்பேன் சார், கஷ்டப்பட்டு மூடியிருப்பேன். அந்தப் பிள்ளை வாசல்ல வந்து நின்னுச்சு பாத்தீகளா? வழக்கமா அங்க வந்து நிக்காது. நாயோடதை எடுத்துச் சொன்னா, அந்தப் பிள்ளையும் தன் வாயைத் தொறந்து சொல்லிப்புடும்னு நெனச்சேன்." கொஞ்ச தூரம் நடந்தார். "நீங்க சொறின்னு சொன்னதும் உள்ள போயிருச்சு."

நாகல் நகர் வந்ததும் "வாரேன் சார்" என்று அவர் ஒரு பக்கம் திரும்பிப் போனார்.

ஆடி மாசம் எனக்கு வேலை நிரந்தரமாகித் தாள் வந்தது. பெண்டாட்டி பாயசம் வைத்தாள். தொண்டையில் இறங்கவில்லை என்று கதை விட மாட்டேன், ரெண்டு டம்ளர் குடித்தேன். ராணிக்கு முடி வெட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் நானே போய் வந்தேன். புதுத் தழும்பு இருந்தால் களிம்பு தடவுவேன். மகள் என் எதிரில் வருவதில்லை. ஒரு தடவை காரில் போகும்போது பார்த்தேன். அதே மணிக்கட்டு வரைக்கும் ரவிக்கை. என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மனுஷன் மறுபடி தோல்ஷாப்புக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆறேழு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். சேவுகம்பட்டியில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறதாம், பஸ்ஸுக்கு நின்றார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. துணிக்குள் ரெண்டு விரல் இல்லை. "நல்லாயிருக்கீகளா சார்? பிள்ளைகள்லாம் படிக்கிறாகளா?" என்று சந்தோஷமாகவே விசாரித்தார். எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அன்றைக்கென்று அரைக்கைச் சட்டை போட்டிருந்தேன்.

பஸ் வந்தது. ஏறப் போனவர் நின்று, இடது கையின் புறங்கையை என் முழங்கைக்குக் கீழே வைத்தார். அதே இடம். மெதுவாக, ஓரம் ஓரமாகத் தடவினார். இப்போதாவது சொல்லட்டும், எல்லாவற்றையும் சேர்த்து என் மூஞ்சியில் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தது.

"என்னண்ணே தெரியுது?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார். "கொதி தண்ணி பட்டதுதானே."

சொல்லிவிட்டு ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். பஸ் போய்விட்டது. மறுநாள் தையற்கடைக்குப் போய் முழுக்கைச் சட்டைக்கு அளவு கொடுத்தேன். சித்திரை மாசம். டெய்லர் இந்த வெயிலிலா சார் என்று கேட்டான். ஆமாம் என்றேன்.